நூறு நாள் மண்

"சாம்பார் எங்கிருந்து வருகிறது? படம் வரையுங்கள்" என்று சொன்னாராம் டீச்சர். ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் சொல்லிவைத்த மாதிரி ஒரே படத்தை வரைந்திருந்தன. ஒரு சுவர். சுவரில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டைக்குள் கரண்டியோடு ஒரு மீசைக்காரன். அந்த மீசைக்காரன் நான்தான்.

பெயர் ஆவுடையப்பன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இப்போது நிலாவில், மருதம் என்ற குடியிருப்பில், இருநூற்றுப் பத்துப் பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறவன். படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"மூக்கக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டானுவ டீச்சர்" என்றேன்.

"சிரிக்காதீங்கண்ணா. இதுங்களப் பொறுத்தவரைக்கும் சோறு செவுத்துல இருந்து வருதுங்க" என்றார் அவர்.

டீச்சர் பெயர் கார்குழலி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். முந்தைய கப்பலில்தான் வந்து இறங்கியிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் ஆயிரம் 'ங்க' வரும், ஆனால் நினைத்ததை விடமாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

புத்தகத்தில் நான்காம் பாடம் உணவைப் பற்றியது. இதற்கு முன் இருந்த டீச்சர்கள் அந்த நாளில் ஒரு படத்தை ஓட்டிவிடுவார்கள். பூமியில் பச்சை வயல், ஆறு, ஏர், மாடு. முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி, மாடு கடிக்குமா என்பதுதான். அத்தோடு பாடம் முடிந்தது. இந்த அம்மாவோ, நாளைக்குப் பிள்ளைகளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிவரட்டுமா என்று வந்து நிற்கிறார்.

"அண்டா கொதிக்கிற எடம் டீச்சர். பிள்ளைய கையக் கால விட்டா யாரு பதில் சொல்லுதது?"

"நான் சொல்றனுங்கண்ணா" என்றார். மறுநாள் ஒன்பதையும் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தும்விட்டார்.

வந்த பிள்ளைகளை விரட்டவா முடியும்? அரிசி, பருப்பு எல்லாம் காட்டினேன். அங்கிருந்து பாத்திக் கூடத்துக்குக் கூட்டிப்போனோம். நாற்பது பாத்தி, மேலே விளக்கு. அழுக்குப் பட்டுவிடும் என்று பிள்ளைகளை அதுவரை உள்ளே விட்டதில்லை. இன்பன் என்று ஒரு வாலு, கத்திரிச் செடியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டான்.

"மாமா, தொங்குது!"

"கத்திரிக்கா தொங்காம உக்காந்தா இருக்கும்?"

"சாம்பார்ல கறுப்பால்ல இருக்கும்? இது ஊதாவா இருக்கே!"

நானே நின்று பார்த்தேன். தினமும் கூடை கூடையாக அறுக்கிறேன், அது ஊதா என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டீச்சர் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை.

"செடி எங்க இருந்து சாப்பிடுது?"

"மண்ணுலருந்து!" என்று ஒன்பதும் கத்தின.

"செரி. மண்ணு எங்க இருந்து வந்துச்சு?"

பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர்கள் எல்லாம் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கூடத்தின் கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கதவு இருக்கிறது. மண்ணறைக் கதவு. டீச்சர் அதை நோக்கி நடக்க ஆரம்பித்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"இதுக்கு மேல வேண்டாம் டீச்சர். பிள்ளைய பசியோட இருக்கும். கூட்டிட்டுப் போங்க."

சாயங்காலம் அவர் தனியாக வந்தார். சண்டைக்குத்தான் வந்தார். நான் விளக்கினேன். விளக்கவே தேவையில்லை, அவருக்குத் தெரிந்ததுதான். இங்கே வருகிற ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுகிறோம். நிலாவில் ஒரு வெற்றிலைத் துணுக்கைக்கூட வீணாக்க முடியாது. தோல், இலை, எச்சில் தட்டில் மிஞ்சியது எல்லாம் மண்ணறைக்குப் போகிறது. செத்தால் நாமும் போகிறோம். நூறு நாளில் மண்ணாகி, நாற்பது பாத்திக்கும் கலந்து போகிறோம். பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதில்தான் சொல்வது என்று ஊர்க்கூட்டம் முடிவு பண்ணி வைத்திருக்கிறது.

"ஒங்க கிளாசுல அல்லின்னு ஒரு பிள்ளை இருக்குல்லா? அவ அம்மா வடிவு, காய்ச்சல்ல போயி நூறு நாள் ஆகப் போவுது. இந்த வாரம் அந்த மண்ணு பாத்திக்குப் போவுது. இப்பப் போயி இந்தப் பாடத்த எடுக்கணுமா? பிள்ளை சோத்தத் தொடுமா?"

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளதானுங்கண்ணா என்கிட்ட கேட்டா. எங்கம்மாவ எங்க வச்சிருக்கீங்கன்னு. அவங்கப்பா, அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்காரு. அவ கப்பல் வந்து போற அட்டவணையைப் பார்த்திருக்கா. ஆறு மாசமா ஒரு கப்பலும் திரும்பிப் போகலைங்க. பத்து வயசுப் புள்ள. நான் என்னங்க பொய் சொல்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். எனக்கும் புரிந்தது. ஆனால் எனக்கு வேறு பயம் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன.

என் மனைவி உலகம்மை அந்த மண்ணறைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பாத்தியில் விளைந்த எதையும் நான் வாயில் வைத்ததில்லை. வைக்க முடியவில்லை. பூமியிலிருந்து வருகிற அவல், பொரிகடலை, ரொட்டி, இதுதான் என் சாப்பாடு. கேட்டால் வயிற்றுப்புண் என்பேன். ஒரு கப்பல் தவறாமல் எனக்கு அவல் மூட்டை வந்துவிடும். சமையல்காரன் உப்புப் பார்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கவில்லை. டாக்டர்கள் எழுதிய உப்பளவு சுவரில் ஒட்டியிருக்கிறது, அதை அப்படியே போடுவேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கைப்பக்குவம் அப்படி என்று நானும் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அறுபத்திரண்டு வயதுக் கிழவனுக்கே இந்தக் கதி. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதுதான் என் பயம்.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் அல்லியின் அப்பா எழுந்தார். அவர் பெயர் பூலோகராசு. பூலோகராசு என்று பெயர் வைத்துக்கொண்டு நிலாவில் வந்து பாறைக்குத் துளை போடுகிறாயே என்று அவரை நாங்கள் கேலி பண்ணுவோம். அன்றைக்கு யாருக்கும் கேலி வரவில்லை.

"சொல்லிருங்க டீச்சர். எனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் செபஸ்தியான் கறாரான ஆள். பாடம் எடுக்கலாம் என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலும் பாடம் நிறுத்தப்படும், டீச்சர் அடுத்த கப்பலில் திரும்பிப் போக வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "ஏழு நாள் கழிச்சு நீர் எழுதித் தாரும். பாடத்துக்குப் பிறகு யாராவது சாப்பிடாமல் இருந்தார்களா?" என்றார். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மிச்சப் பெட்டி ஒன்று உண்டு. யார் எவ்வளவு மிச்சம் போடுகிறார்கள் என்று கிராம் சுத்தமாகக் காட்டிவிடும். அது என் பொறுப்பில் இருக்கிறது.

டீச்சர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "செரிங்க" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் மண்ணறைக் கதவு திறந்தது. நானும் போனேன். ஏதாவது ஆனால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றுதான் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வாசலைத் தாண்டினேன்.

டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. எதிரே நீளமான தொட்டியில் கறுப்பு மண்.

"இந்த நிலாவுல மண்ணே கெடையாது கண்ணுகளா. வெளிய இருக்கறதெல்லாம் கல்லு இடிச்ச பொடி. அதுல ஒரு புல்லுகூட மொளைக்காது. மொத மொதல்ல வந்தவங்க பன்னெண்டு மூட்டை மண்ணு கொண்டாந்தாங்க. அது இன்னைக்கு நாப்பது பாத்தி ஆயிருக்குது. எப்புடி ஆச்சு?"

"தோலு போட்டோம்!"

"எல போட்டோம்!"

"கக்கூசு!" என்றான் இன்பன். ஒன்பதும் விழுந்து விழுந்து சிரித்தன.

"அதுவுந்தான்" என்று டீச்சரும் சிரித்தார். பிறகு அதே குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், "அப்பறம் நம்ம மனுசங்களும்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"எங்கப்பன் செத்தப்ப எனக்கு உங்க வயசுதான். எரிச்ச எடத்துல மறுநாள் தண்ணி ஊத்தி ஆத்திட்டு, நவதானியம் தூவிட்டு வந்தோம். எதுக்குன்னு கேட்டேன். வழக்கம்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசங்கழிச்சு அந்தப் பக்கம் போறேன், அந்த எடம் பூரா பச்சைப்பசேல்னு மொளைச்சுக் கெடக்குது. எனக்கு அன்னைக்கு அழுகை நின்னு போச்சு. இங்க செத்தவங்க நம்மள விட்டுட்டு எங்கயும் போறதில்லீங்க கண்ணு. நமக்குச் சோறு போடறாங்க."

"அப்ப நேத்து நான் தின்ன கத்திரிக்காய்ல யாரு டீச்சர்?" இன்பன்தான்.

"எல்லாரும். பேரு சொல்லிப் பிரிக்க முடியாது. வெட்டிப் போட்ட வாழைத்தோலும் இருக்குது, இந்த ஊரக் கட்டுனவங்களும் இருக்கறாங்க."

அல்லி அதுவரை பேசவில்லை. மெலிந்த பிள்ளை, ரெட்டைச் சடை.

"எங்கம்மா?"

"உள்ளதான் கண்ணு. இன்னிக்கு நூறாவது நாளு."

"அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு அப்பா சொன்னாரு."

"அப்பாவுக்கு அழுகை வருது, அதான் சொல்ல முடியல. நீ அவர வையக்கூடாது."

அந்தப் பிள்ளை எழுந்து தொட்டிக்குப் போனது. முழங்கை வரை சட்டையை மடக்கிக்கொண்டு கையை மண்ணுக்குள் விட்டது. நான் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சூடா இருக்கு டீச்சர்" என்றாள் அல்லி.

"மண்ணு ஆகறப்ப அப்படித்தான் இருக்கும்."

அவள் கையை எடுக்கவே இல்லை. மற்ற எட்டுப் பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துபோய் அவள் பக்கத்தில் கையை விட்டுக்கொண்டு நின்றன. டீச்சர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் விரல் நடுங்குவதை நான் பார்த்தேன். அந்த நடுக்கத்தைக் குரலில் ஒரு சொல்லில்கூட விடாமல் அவர் பாடத்தை நடத்தி முடித்தாரே, அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எத்தனையோ எஞ்சினியர்களையும் துணிச்சல்காரர்களையும் இங்கே பார்த்துவிட்டேன், இந்த அம்மாவுக்கு ஈடாக ஒருத்தரைச் சொல்ல மாட்டேன்.

அன்று மதியம் மிச்சப் பெட்டியைப் பார்த்தேன். எட்டுப் பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டிருந்தன. அல்லியின் பெயரில் நாற்பத்திரண்டு கிராம்.

சரி, முதல் நாள், இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் நாற்பது. அதற்கு மறுநாள் நாற்பத்தைந்து. ஒவ்வொரு வேளையும், ஒருநாள் தப்பாமல். ஐந்தாம் நாள் டீச்சர் வந்து, "எல்லாம் சாப்பிடறாங்களாங்கண்ணா?" என்று கேட்டபோது, "ஏன் சாப்பிடாம? வெளுத்துக் கட்டுதுவ" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஏழாம் நாள் எழுத்தில் பொய் சொல்ல முடியாது. பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம், கெஞ்சியாவது ஊட்டுவோம் என்று, அன்றே கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்கே போனேன். நான் அந்தக் கூடத்துக்குள் வருவதே அபூர்வம்.

அல்லி தட்டோடு நேரே மிச்சப் பெட்டிக்குப் போனாள். இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. சோற்றையும் கீரையையும் பிசைந்து ஓர் உருண்டை பிடித்தாள். பாவாடைப் பையிலிருந்து சின்னத் தாள் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, உருண்டைமேல் ஒரு சிட்டிகை தூவினாள். அந்தப் பொட்டலத்தை நான் எல்லார் கையிலும் பார்த்திருக்கிறேன். ஏதோ சத்துப் பொடி, டாக்டர் கொடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"ஏட்டி அல்லி, என்ன செய்யுத?"

அவள் பயப்படவில்லை. உருண்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அம்மாவுக்கு வச்சேன் மாமா."

"என்னது?"

"ஊர்ல அமாவாசைக்குக் காக்காவுக்கு வச்சிட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். அப்பா சொன்னாரு. இங்க காக்கா இல்லல்லா? அமாவாசையும் எப்பன்னு தெரியல. அதான் தெனமும் நேரா அம்மாவுக்கே வச்சிருதேன். இது மண்ணறைக்குத்தான போவும்?" என்றவள், "மிச்சத்த முழுசாத் தின்னுருவேன் மாமா, சத்தியமா" என்று தலையில் கை வைத்தாள்.

எதையாவது பேச வேண்டுமே என்று, "அதுக்கு டாக்டர் பொடிய ஏம்ட்டி அதுல போடுத?" என்றேன்.

"டாக்டர் பொடியா? இது உப்பு மாமா."

"உப்பா?"

"உங்க சாப்பாட்டுல உப்பே இருக்காதுல்லா. அம்மாவுக்கு உப்பு இல்லாம எறங்காது" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ. சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

"என்ன சொன்னா அம்மா? சொல்லு, நான் வைய மாட்டேன்."

"அத்தை போனதுலருந்து ஆவுடையப்பன் மாமா உப்புப் பாக்க மாட்டாரு, பாவம், அவருட்ட ஒருநாளும் உப்பு இல்லன்னு சொல்லிறாத, பையில வச்சிக்கோன்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பூலோகராசு தன் கையில் இருந்த பொட்டலத்தை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார். செபஸ்தியான் தட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் சட்டைப் பையில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்த்தது. இவ்வளவு கறார் பேசுகிற மனிதர்!

டீச்சர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ஒங்களுக்கும் தெரியுமா டீச்சர்?"

"கப்பல்ல இருந்து எறங்குனேனுங்க. தலைக்கவசம்கூடக் கழட்டல. அதுக்குள்ள கையில பொட்டலத்தக் குடுத்துட்டாங்கண்ணா. இதுதான் இந்த ஊருல மொத பாடம்னாங்க."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஒன்பது வருடம். இருநூறு பேர். ஒருத்தர் ஒரு பருக்கையைக் குப்பையில் போடவில்லை, ஒருத்தர் முகத்தைச் சுளிக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தவை வளர்ந்து பேச்சு வந்ததும், அவற்றுக்கு முதல் வேலையாக இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு மடையன், என் கைப்பக்குவம் என்று மீசையை முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சமையல்கட்டுக்குப் போனேன். கீரைச் சட்டியைத் திறந்தேன். கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அல்லியின் ரெட்டைச் சடை தெரிந்தது. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மா, என்று மனசுக்குள் கூப்பிட்டுவிட்டு நக்கினேன்.

சப்பென்று இருந்தது. அடக் கடவுளே, மாட்டுக்குக்கூட இதை வைக்க முடியாது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "உப்பே இல்லையேடா பாவிகளா!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், கூடமே எழுந்து நின்று சிரித்தது. பூலோகராசு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார், அழுதாரோ என்னவோ. ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடி நக்கி, இன்னும் கொஞ்சம் போட்டு, மறுபடி நக்கி, அப்புறம் ஒரு தட்டில் சோறு போட்டு, கீரை ஊற்றி, நின்ற வாக்கிலேயே இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். அதற்கு முன் ஓர் உருண்டை பிடித்து மிச்சப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான்.

ஏழாம் நாள் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் வந்தது. கேள்வி அச்சடித்திருந்தது. பாடத்துக்குப் பிறகு யாராவது சாப்பிடாமல் இருந்தார்களா? எப்போது முதல்? இப்போது நிலை என்ன?

நான் பொய் எழுதவில்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்:

"ஆம். ஒருவர். ஒன்பது வருடமாக. இப்போது சாப்பிடுகிறார்."